ஆபீஸ் டிவியில் என் வீட்டுக் கவலை

லாரி ஆபீஸ்களிலும் போர்வெல் ரிக் ஆபீஸ்களிலும் கணினி முன்னால் உட்காரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வேலையில் ரொம்பப் பழையவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் வேறிடத்தில் பில்லிங் பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு நாமக்கல்லில் இந்த டிரான்ஸ்போர்ட் ஆபீசில் சேர்ந்தேன். அறிவுரை சொல்லும் வயதா எனக்கு என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஆனால் எனக்கு நடந்தது எந்த ஆபீசிலும் நடக்கக்கூடியது.

1. டிவியில் இறங்கிய வரிகள்

எங்கள் ஆபீசில் கணினி ஒன்றுதான். அதன் திரையில் தெரிவதெல்லாம் சுவரில் மாட்டிய பெரிய டிவியிலும் தெரியும். ஜிபிஎஸ்ஸில் எந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்வதற்காக முதலாளி செய்த ஏற்பாடு. லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள், புரோக்கர்கள், வாடகை வாங்க வந்தவர்கள் என்று எந்நேரமும் டிவிக்கு எதிர் பெஞ்சில் நாலைந்து பேர் இருப்பார்கள். டீ குடித்துக்கொண்டே, "பாரு, நம்ம வண்டி இன்னும் ஓசூரத் தாண்டல" என்பார்கள். நான் சரக்குக்கு ஈ-வே பில் போடுவதும் மெயில் பார்ப்பதும்கூட அவர்களுக்கு டிவியில் ஓடும். எனக்கு அது பழகிவிட்டது.

ஒரு நாள் காலை குமாரபாளையம் பார்ட்டி போனில் வந்தார். துணி பேல் ஏற்ற வண்டி கேட்டிருந்தார்.

"ஏனுங், வண்டி கெளம்பிருச்சுங்களா? லோடுமேன் எல்லாம் சும்மா உக்காந்திருக்கறாங்."

"கெளம்பிருச்சுங். எவ்வளவு நேரத்துல வரும்னு பாத்துச் சொல்றனுங்" என்று சொல்லிக்கொண்டே, தூரம் பார்ப்பதற்காகத் தேடல் பெட்டியில் கர்சரை வைத்தேன். எழுத்து ஒன்றும் அடிக்கவில்லை. பெட்டிக்குக் கீழே பழைய தேடல்கள் வரிசையாக இறங்கின.

ரெண்டரை வயசு குழந்தை பேசவில்லை ஏன்.

குழந்தைக்குக் காது கேட்குதா வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது.

அம்மா வேலைக்குப் போனால் குழந்தை பேச லேட்டாகுமா.

மூன்றும் முந்தின நாள் சாயங்காலம் நான் வீட்டில் என் போனில் தேடியவை. அவை இங்கே எப்படி வந்தன என்று யோசிக்கக்கூட நேரமில்லை. டிவியில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். பெஞ்சில் டிரைவர் செல்வராஜ் அண்ணன் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சின்ன மாமா இருந்தார்.

சின்ன மாமா என்றால் என் கணவருடைய சித்தப்பா. அந்த ஆபீசில் லோடு மேனேஜர். வேலைக்கு என்னைச் சொல்லிச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. தினமும் சாயங்காலம் வந்து என் மாமியாரிடம் ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். ஆபீசில் நடந்தது ஒன்று விடாமல் அந்தக் காபியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

நான் எஸ்கேப் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். வரிகள் மறைந்தன.

"என்னம்மிணி, என்னமோ தமிழ்ல வந்துச்சே?" என்றார் சின்ன மாமா.

"வெளம்பரம் மாமா."

"வெளம்பரமா?"

"இப்பெல்லாம் எதத் தொட்டாலும் வெளம்பரந்தானுங்" என்றார் செல்வராஜ் அண்ணன். "நேத்து ஊட்டுக்காரிகிட்ட மிக்சி ரிப்பேருன்னு பேசுனனுங். பேசுனதுதான். போன் பூரா மிக்சியா வருதுங்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குமாரபாளையத்துக்காரர் போனில் "ஏனுங், லைன்ல இருக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

2. ஏன் பயந்தேன்

என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. "ம்மா" என்பாள், "ஆ" என்பாள், கையைக் காட்டுவாள். அதற்கு மேல் பேச்சில்லை. பகலில் அவளை என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் சூப்பர்வைசர். மத்தியப் பிரதேசம் பக்கம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அவரிடம் சொன்னால் அடுத்த நிமிடமே அத்தைக்குப் போன் போகும். "அம்மா, புள்ளைக்கு என்னமோன்னு சொல்றாளே?" என்பார். கெட்ட மனசில் இல்லை, பதற்றத்தில்.

அத்தைக்குத் தெரிந்தால் என்ன? நான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். அந்த வார்த்தை வந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம், டாக்டர் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் என் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்களே என்பது. எங்கள் பக்கத்தில் அப்படி வைத்த பெயர் லேசில் போகாது.

அதனால்தான் யாரிடமும் கேட்காமல் போனில் தேடினேன். போன் என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

3. மூலையில் சின்ன வட்டம்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு டிவியை நிறுத்திவிட்டுக் கணினியைப் பார்த்தேன். பிரவுசரின் வலது மேல் மூலையில் சின்ன வட்டத்தில் யாழினியின் முகம் இருந்தது. பொங்கலுக்கு எடுத்த பாவாடை சட்டைப் படம். என் மெயிலுக்கு நான் வைத்திருப்பது. பல வாரமாக அந்த வட்டம் அங்கேதான் இருந்திருக்கிறது. வேலைக்கு நடுவே அவ்வப்போது அதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டிருக்கிறேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஆபீஸ் மெயில் நிரம்பிவிட்டது. புது மெயில் உள்ளே வராது. பழையதை அழிக்க முதலாளி விடமாட்டார், "அதுல எது எப்பத் தேவைப்படும்னு ஆருக்குத் தெரியும்?" என்பார். ஒரு பார்ட்டி பில் காப்பி அவசரமாக அனுப்பச் சொன்னார். என் சொந்த மெயிலைத் திறந்து அனுப்பிவிட்டேன். திறந்தபோது பிரவுசர் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. ஈ-வே பில் தளம் கேட்பது, பேங்க் கேட்பது, ஜிபிஎஸ் கேட்பது என்று நாள் முழுக்க 'எஸ்' அழுத்தும் கை. இதற்கும் 'எஸ்' அழுத்தியது. அதற்குப் பெயர் 'சிங்க்'. அன்று முதல் என் போனும் ஆபீஸ் கணினியும் ஒரே ஆளுடையவை என்று மெயில் முடிவு செய்துகொண்டது. நான் வீட்டில் தேடுவது இங்கேயும் வரும்.

எங்கள் மாதிரி ஆபீஸ்களில் கணினியில் யாரும் 'சைன் அவுட்' செய்வதே இல்லை. வெளியே வந்தால் மறுபடி உள்ளே போகப் பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. எல்லாம் யாரோ எப்போதோ திறந்துவைத்தது. அதனால் திறந்தது திறந்தபடியே கிடக்கும்.

4. சுத்தம் செய்யப் போய்

காரணம் தெரிந்ததும் நிதானமாக யோசித்திருக்கலாம். எனக்கு அந்த நிமிடமே துடைத்துவிட வேண்டும் போல இருந்தது. 'ஹிஸ்டரி' என்று போய், 'எல்லாக் காலமும்' என்று தேர்ந்தெடுத்து, அங்கே இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அழித்துவிட்டேன். நிம்மதியாக டிவியைப் போட்டேன்.

டிவியில் வண்டிகள் இல்லை. மேப்பும் இல்லை. 'யூசர் நேம், பாஸ்வேர்ட்' என்று இரண்டு வெள்ளைப் பெட்டிகள் மட்டும் இருந்தன.

டிக் போட்ட கட்டங்களில், நாம் யாரென்று தளங்கள் நினைவு வைத்துக்கொள்ளும் குக்கீயும், சேமித்த பாஸ்வேர்டும் இருந்திருக்கின்றன. ஜிபிஎஸ், ஈ-வே பில், பேங்க் எல்லாம் எங்களை வெளியே தள்ளிவிட்டன. ஜிபிஎஸ் பாஸ்வேர்ட் எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் போட்டது. அவர் கல்யாணமாகிப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். "அம்மிணி, கேரளா போன முட்டை வண்டி எங்க போய்ட்டிருக்குது? பார்ட்டி கேட்டுட்டே இருக்கறான்."

"சார், சிஸ்டம் கொஞ்சம்... லாகின் கேக்குதுங் சார்."

"லாகினா? காலைல நல்லாத்தான இருந்துச்சு? ஆரு என்ன பண்ணுனது?"

'நான்தான் அழித்தேன்' என்று சொன்னால் 'எதுக்கு அழிச்சே' என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது? நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுச் சின்ன மாமா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"அண்ணா, டிவி பாத்தா வண்டி ஓட்டுனோம் அந்தக் காலத்துல? இருங், டிரைவருகிட்டயே கேட்டுப்போடறன்."

தன் போனில் டிரைவரைக் கூப்பிட்டார். வண்டி வாளையாறு தாண்டிவிட்டது. அதை முதலாளியிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னு போட்டா ஓனரு போனுக்கு நம்பரு வருமாமே? அத வாங்கிப் போடு சாமி. மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துப்போச்சு?" என்றார்.

முதலாளியிடம் ஓடிபி கேட்டு வாங்கி ஒவ்வொன்றாக உள்ளே போனேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. புதுப் பாஸ்வேர்டுகளை முதலாளிக்கும் அனுப்பிவைத்தேன். நல்லவேளை, 'எதற்கு அழித்தாய்' என்று யாருமே கேட்கவில்லை. கணினி என்றால் அப்படித்தான் என்று அவர்கள் எண்ணம்.

ஆனால் சின்ன மாமா கேட்காமல் இருந்ததே எனக்குப் பயத்தைக் கூட்டியது. காலையில் வந்த வரிகளை முழுசாகப் படித்துவிட்டதால்தான் கேட்கவில்லையோ? மூஞ்சி வெளுத்துப்போச்சு என்றாரே, அதற்கு என்ன அர்த்தம்?

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து காபி குடித்தபோது நான் சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லாமல் நின்று கேட்டேன். முட்டை வண்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தார். யாழினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்று சொல்லவில்லை என்றால் நாளைக்குச் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்?

5. என் போனில் வேறு யாரோ

மறுநாள் காலை டிவியைப் போடுவதற்கு முன்னால், பெஞ்சில் யாரும் வந்து உட்காருவதற்குள் தேடல் பெட்டியில் கர்சரை வைத்துப் பார்த்தேன். அதே வரிகள் மறுபடி இறங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. பிரவுசரின் ஹிஸ்டரி வேறு, மெயில் கணக்கு தனியாக எழுதிவைத்துக்கொள்ளும் கணக்கு வேறு. முதலாவதை அழித்தாலும் இரண்டாவது அப்படியே இருக்கும். அதை என் போனில் 'ஆக்டிவிட்டி' என்ற பக்கத்தில் திறந்தேன்.

பாதி வரிகள் என்னுடையவை இல்லை.

சிங்க் என்பது இரண்டு பக்கமும் ஓடுகிற ரோடு. என்னுடையது இங்கே வந்த மாதிரி, நான் இல்லாத நேரத்தில் ஆபீஸ் கணினியில் மற்றவர்கள் தேடியதெல்லாம் என் போனுக்கு வந்திருந்தது. உட்கார்ந்தே வண்டி ஓட்டுபவர்களுக்கு வரும் மூல நோய்க்குக் கைவைத்தியம். பழைய பாட்டு. கிளாஸ் போகாமல் ஹிந்தி கற்றுக்கொள்வது எப்படி. முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் கூசியது. நேற்று டிவியில் என் வரிகள் இறங்கியபோது எனக்கு எப்படி இருந்தது?

மூடப் போனபோது மேலே இருந்த வரிகள் கண்ணில் பட்டுவிட்டன.

கண்ணுல பொரை ஆபரேசன் பண்ணுனா வலிக்குமா.

பொரை ஆபரேசன் பண்ணுனா எத்தன நாளு ஊட்டுல இருக்கோணும்.

கண்ணு மங்கலா இருந்தா லைசென்சு புதுப்பிக்க உடுவாங்களா.

அடித்துத் தேடியது போல இல்லை, பேசித் தேடியது. கணினியோடு இருக்கும் மைக்கில் பேசினால் அது எழுத்தாக மாறும். எங்கள் ஆபீசில் எழுத்து அடிக்கத் தெரியாமல் மைக்கில் பேசித் தேடுபவர் ஒருவர்தான். எனக்கு முன்னால் வந்து ஆபீசைத் திறப்பவரும் அவர்தான்.

சின்ன மாமாவுக்குக் கண்ணில் புரை, எழுத்து மங்கலாகத்தான் தெரியும். டிவியில் தமிழ் என்று தெரிந்திருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. அதனால்தான் "என்னமோ தமிழ்ல வந்துச்சே" என்று என்னையே கேட்டிருக்கிறார்.

முதுகிலிருந்து மூட்டை இறங்கியது போல இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இன்னொருவருக்குக் கண் தெரியாததில் எனக்கு நிம்மதியா? அதுவும் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் மறைத்துவைத்திருக்கும் விஷயம். முதலாளிக்குத் தெரிந்தால் 'ஓய்வெடுங்க' என்று உட்காரவைத்துவிடுவார் என்று பயந்திருப்பார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், காலியான ஆபீசில் மைக்கைப் பிடித்து, வலிக்குமா என்று கேட்டிருக்கிறார். நான் கேட்டதும் அப்படித்தானே?

அவரிடம் போய் 'பார்த்துவிட்டேன்' என்று சொல்வதா, வேண்டாமா? சொன்னால் உதவியாக இருக்கலாம். ஆனால் அவர் எனக்குச் சொல்லவில்லையே. சொல்லவில்லை என்பதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். சரியா தப்பா, இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

6. செய்து முடித்தது

வேலையை முறையாகச் செய்தேன். ஆக்டிவிட்டியில் இருந்த எல்லாவற்றையும், என்னுடையதையும் மற்றவர்களுடையதையும், மேலே படிக்காமல் அழித்தேன். இனிமேல் எழுதிவைத்துக்கொள்ளாதே என்று அந்தப் பொத்தானையும் நிறுத்தினேன். ஆபீஸ் கணினியிலிருந்து என் கணக்கை எடுத்தேன். யாழினியின் வட்டம் மூலையிலிருந்து போனது. என் போனில் 'எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது' என்று பார்த்து, ஆபீஸ் கணினியின் பெயர் அங்கே இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஆபீசுக்கென்று தனி மெயில் தொடங்கி, அதை மட்டும் கணினியில் போட்டேன். டிவிக்கு முழுத் திரை வேண்டாம், ஜிபிஎஸ் ஜன்னல் மட்டும் போதும் என்று மாற்றினேன்.

மத்தியானம் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் 'பிரைவேட் விண்டோ' எப்படித் திறப்பது என்று காட்டினேன். "இதுல தேடிட்டு மூடிட்டீங்கன்னா இந்தக் கம்ப்யூட்டருல எதுவும் நிக்காதுங். ஆனா ஆபீஸ் நெட்டு வழியாத்தான் போகுது, நெட்டுக்காரனுக்கும் அந்தத் தளத்துக்காரனுக்கும் தெரியும். முழு ரகசியம்னு நெனச்சுக்காதீங்."

"நமக்கெதுக்குங் இதெல்லாம்? மறைக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்குது?" என்றார் செல்வராஜ் அண்ணன்.

"இல்லாட்டிப் போகட்டுங். தெரிஞ்சு வச்சுக்கங்."

சின்ன மாமா மட்டும், "இன்னொருக்கா காட்டு அம்மிணி, எதைய அமுத்தோணும்?" என்று கேட்டார். திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். மைக்கை எப்படி அதில் பேசவைப்பது என்றும் சேர்த்துக் காட்டினேன். அவர் ஒருமுறை தானே அமுத்திப் பார்த்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தை யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தை, யாழினி இன்னும் பேசலைன்னு எனக்குக் கவலையா இருக்குது. சேலத்துல காது டாக்டருகிட்டக் காட்டலாம்னு இருக்கறேன்."

அத்தை கையிலிருந்த உருண்டையை அவள் வாயில் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"இத நீ எப்பச் சொல்லுவீன்னுதான் இருந்தேன். பொறத்தால நின்னு சோத்துத் தட்டத் தட்டிப் பாத்தேன், திரும்ப மாட்டேங்கறா. நாஞ்சொன்னா, வேலைக்குப் போறதக் குத்திக்காட்டறேன்னு நெனச்சுக்குவியேன்னு வாய மூடிட்டு இருந்தேன். எப்பப் போலாம்? நானும் வாரேன்."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். "ஏன் சாமி அழுகறே, புள்ள பாக்குது" என்றார்.

சேலத்தில் டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு, சளி பிடித்தபோது காதுக்குள் நீர் கோத்து நின்றுவிட்டது, தண்ணீருக்குள் முங்கிக் கேட்பது போலத்தான் அவளுக்கு இதுவரை கேட்டிருக்கும் என்றார். மருந்து கொடுத்தார், அதில் வற்றாவிட்டால் சின்னதாக ஓர் ஆபரேசன் செய்ய வேண்டியிருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி, வேலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா" என்றார். வெளியே வந்ததும் கணவருக்குப் போன் செய்து நானே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்திலேயே வற்றிவிட்டது. யாழினிக்கு இப்போது வார்த்தைகள் வருகின்றன, சில நாள் நிறுத்த முடியாமல்.

கொஞ்ச நாள் கழித்துச் சின்ன மாமா லீவு போட்டார். கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். வீட்டிலும் முதலாளியிடமும் அவரே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். கண்ணாடியைக் கழற்றிய முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா! எழுத்தெல்லாம் இத்தன பெருசாவா இருந்துச்சு? ஒவ்வொண்ணும் முறுக்காட்டம் இருக்குதே!"

"ஆமாங் மாமா" என்றேன். நல்லவேளை, இப்போது அதில் வண்டி எண்களும் ஊர்ப் பெயர்களும் மட்டும்தான்.

நான் கற்றுக்கொண்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பொதுக் கணினியில் சொந்த மெயிலைத் திறக்காதீர்கள். திறக்க வேண்டி வந்தால் பிரைவேட் விண்டோவில் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். திரை ஒரு கேள்வி கேட்டால், 'எஸ்' அழுத்தும் முன் ஒருமுறை படியுங்கள். மூலையில் இருக்கும் வட்டத்தில் யார் முகம் என்று பாருங்கள். அழிப்பதென்றால் எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பார்த்து அழியுங்கள். மற்றவர்கள் தேடியது தெரியாமல் கண்ணில் பட்டால், படாதது போல இருந்துவிடுங்கள்.

மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், நான் அத்தையிடம் பேசிய அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்வேன். அன்று அந்தச் செய்தி என் வாயிலிருந்து வந்தது. அதே செய்தி டிவியிலிருந்து காபியோடு போயிருந்தால், அத்தையும் என்னைக் கேட்டிருப்பார், நானும் ஏதோ பதில் சொல்லியிருப்பேன். ஆனால் "நானும் வாரேன்" என்று அவர் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது.